ஏழாம் நம்பரின் தன்னம்பிக்கை

பேர் எழுத வேண்டாம், சட்டை நம்பர் மட்டும் போட்டால் போதும் என்றாள் நான்சி. யார் எழுதியது என்று ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாதாம். கபடி ஆடுகிற பெண்ணை ஊருக்குப் பேரை வைத்தா தெரியும்? சட்டை நம்பரை வைத்துத்தானே தெரியும்? அன்றைக்கு மைதானத்தில் இருந்த ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. வருஷக்கணக்காக மைக்கைப் பிடித்து 'ஏழாம் நம்பர் வீராங்கனை, அடடா, ஏழாம் நம்பர்!' என்று தொண்டை கிழியக் கத்துகிற எனக்கே உறைக்கவில்லை. அப்புறம் மற்றவர்களைச் சொல்லி என்ன?

நான் மைக் செட் சேவியர். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். கல்யாணம், காதுகுத்து, கேதம், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, எதற்கும் என் பெட்டிகள் போகும். கபடிப் போட்டி என்றால் பெட்டியோடு நானும் போவேன். வர்ணனை என் சொந்த ஆசைக்கு. அந்த ஏழாம் நம்பர் என் கொழுந்தியாள் பிரிஸ்கில்லா, என் மனைவி அமலராணியின் தங்கை. அதனால் நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடுதான் சொல்கிறேன்.

பிரிஸ்கில்லா பகலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுகிறவள். விடிந்தும் விடியாமலும் எழுந்து மலைக்கோட்டையைச் சுற்றி ஓடிவிட்டு வந்து, இருக்கிறதைச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவாள். கடையில் ஒரு சேலையைக்கூட 'இது உங்களுக்கு எடுப்பா இருக்கும்' என்று சொல்லி விற்றதில்லை. 'கட்டிப் பாத்தாத்தான் தெரியும்க்கா' என்பாள். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவள் சொல்வதை நம்பி அவளிடமே வந்து எடுக்கிற பெண்கள் உண்டு, அதனால் வேலை ஓடிக்கொண்டிருந்தது.

கபடியில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு வருவாள். நம் ஆட்களில் யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டால் புள்ளி அவர்களுக்கு. திரும்பவிடாமல் மடக்கினால் நமக்கு. இடது ஓரத்தில் நிற்கிறவளை லெஃப்ட் கார்னர் என்பார்கள். வருகிறவளின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பது அவள் பாடு. பிரிஸ்கில்லா அந்த இடத்தில் நின்றால் பாடி வருகிற பெண்கள் வலது பக்கமாகவே போய்விட்டுத் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓரம் அவர்களுக்கு ஆகாது.

ஒருநாள் கேட்டேன். "ஏத்தா, அங்க நிக்கையில மனசுல என்னதான் நெனச்சுக்கிட்டு நிப்ப?"

"இவ என்னைய ஏமாத்திட்டுப் போயிருவான்னு நெனச்சுக்கிட்டு நிப்பேன் மாமா."

"அடி பாவி! அப்பிடி நெனக்கிறதுக்கு வீட்டுல படுத்துத் தூங்கலாமே."

"அப்பிடி நெனச்சாத்தான் காலையே பாப்பேன். பிடிச்சிருவோம்னு நெனச்சேன்னா மூஞ்சியப் பாக்கத் தோணும். மூஞ்சியப் பாத்தா ஏமாந்துருவோம்."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. அன்றிலிருந்து நானும் மைக்கில் பேசும்போது கால்களைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

இன்னொன்று. ஆட்டத்துக்கு முன்னால் 'ஜெயிப்போம்' என்ற சொல் அவள் வாயில் வராது. மைக்கை நீட்டி, "என்ன பிரிசி, கப்பு நமக்குத்தானே?" என்று எத்தனையோ தடவை சீண்டியிருக்கிறேன். "ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவள். தலையான பாவங்கள் ஏழில் முதலாவது எது என்று கேட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் தூக்கத்தில்கூட 'ஆணவம்' என்று சொல்லும். மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும், இவள் அதை மனசில் வைத்துக்கொண்டாள். சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் வரிசையில் பின்னால் நிற்கிற கிழடுகள் முணுமுணுக்கும், அவ்வளவு நேரம் எடுப்பாள். அப்படி என்ன பாவம் செய்துவிட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் நான்சி. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. வயதில் கொஞ்சம் மூத்தவள், ஆனால் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டதால் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியது பிரிஸ்கில்லாவோடுதான். இரண்டு பேரும் வெள்ளைக் கவுனில் மெழுகுதிரி பிடித்து நிற்கிற படம் இரண்டு வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. நான்சி பாடிப் போகிறவள், பிரிஸ்கில்லா பிடிக்கிறவள். ஒரே அணி. பிராக்டிஸில் இவள் அவளைப் பிடிப்பாள், அவள் இவளை ஏமாற்றுவாள், சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார்கள்.

நத்தம் பக்கம் ஒரு போட்டியில் நான்சியின் முழங்கால் திரும்பிவிட்டது. மைதானத்திலிருந்து ரோடு வரைக்கும் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தவள் பிரிஸ்கில்லா. ஆம்புலன்ஸ் அந்த வரப்புக்குள் வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனையோ மாசம் சாயங்காலம் போய் அந்தக் காலைத் தூக்கி, மடக்கி, நீட்டி, நடக்கப் பழக்கினாள். நான்சியின் அம்மாவே சொல்லும், "டாக்டர் பாதி, பிரிசி பாதி" என்று. ஆட்டம் போய்விட்டது, நான்சி படிப்பில் இறங்கினாள். விளையாட்டுக்காரர்களின் மனசைப் பற்றிய படிப்பு. அதில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். பிரிஸ்கில்லாவுக்கு அது ஏதோ தானே படிப்பது மாதிரி. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எங்க நான்சிக்கா டாக்டராகப் போகுது" என்பாள். தன்னைப் பற்றிப் பெருமை பேசாதவள் அவளைப் பற்றி மட்டும் பேசுவாள்.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு பிராக்டிஸ் நடந்துகொண்டிருந்தது. அடுத்த வாரப் போட்டிக்குப் பெட்டி எங்கே வைக்கலாம் என்று பார்க்க நானும் போயிருந்தேன். நான்சி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள், கையில் ஒரு கட்டு பேப்பர், ஒரு பை நிறைய பேனா, எல்லோருக்கும் டீயும் முட்டைக்கோஸும். முட்டைக்கோஸ் என்றால் காய் இல்லை, எங்கள் ஊர் டீக்கடையில் முட்டை வைத்துச் சுற்றின ஒரு பலகாரத்துக்கு நாங்கள் வைத்த பேர்.

"விளையாடுறவங்களோட நம்பிக்கைய அளக்குற ஆராய்ச்சி" என்றாள்.

"எத வச்சும்மா அளப்ப? தெர்மாமீட்டரா? வாயில வைக்கணுமா, அக்குள்ல வைக்கணுமா?" என்று கேட்டேன். பெண்கள் சிரித்தார்கள்.

அவளும் சிரித்துவிட்டுத்தான் விளக்கினாள். "அதுல ரெண்டு இருக்கு சேவியர் அண்ணே. நல்லதுதான் நடக்கும்னு நெனக்கிறது ஒண்ணு. என்னால முடியும்னு நெனக்கிறது இன்னொண்ணு. ரெண்டும் ஒண்ணு போலத் தெரியும், ஆனா வேற வேற. மழ வரும்னு நம்புறவன் எல்லாம் நல்லா உழுவான்னு சொல்ல முடியாதுல்ல, அந்த மாதிரி." அதுவரைக்கும் நன்றாகத்தான் பேசினாள். பொய் சொல்லக் கூடாது இல்லையா, எனக்கே புரிகிற மாதிரி பேசினாள்.

பேப்பரில் வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம். 'சிறிதும் உண்மையில்லை' என்பது ஒன்று, 'முழுவதும் உண்மை' என்பது ஐந்து. பொருந்துகிற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். "சரி தப்புன்னு எதுவுமே இல்ல. உண்மைய மட்டும் எழுதுங்க. உங்க மாஸ்டருக்குக்கூடக் காட்டமாட்டேன்" என்றாள். அப்புறம் பிரிஸ்கில்லாவின் தோளில் கை போட்டு, "பாவசங்கீர்த்தனம் மாதிரின்னு வச்சுக்கயேன் பிரிசி. அங்க சொன்னது வெளிய வருமா?" என்றாள்.

இந்த வார்த்தைதான். இதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இவ்வளவு கொதிக்க மாட்டேன்.

சின்னாளப்பட்டியிலிருந்து வந்து ஆடுகிற முனீஸ்வரி என்று ஒரு பெண். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் பயத்தில் வாந்தி எடுப்பாள், எடுத்துவிட்டு வந்து ஆடுவாள். அவள் டீ ஆறிவிடும் என்று மளமளவென்று எல்லாவற்றுக்கும் ஐந்தாவது கட்டத்திலேயே டிக் அடித்துக் கொடுத்துவிட்டாள். பிரிஸ்கில்லா மட்டும் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு ஆரம்பித்தாள். அவள் டீயில் ஆடை படிந்துவிட்டது. நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

'அடுத்த போட்டியில் நான் நிச்சயம் வெற்றி பெறுவேன்.' ஒன்று.

"என்ன புள்ள இது?"

"அது ஆண்டவருக்குத்தான தெரியும் மாமா? எனக்குத் தெரியும்னு எப்பிடி எழுத?"

'எந்த எதிராளியையும் என்னால் சமாளிக்க முடியும்.' இதற்குப் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். போன வருஷம் ஒட்டன்சத்திரத்துப் பெண் ஒருத்தி கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போனாளாம். இரண்டு. 'கெட்டது நடந்துவிடும் என்றே பெரும்பாலும் எதிர்பார்க்கிறேன்.' இதற்கு யோசிக்கவே இல்லை. ஐந்து. லெஃப்ட் கார்னர் வேறு எதை எதிர்பார்ப்பாள்?

கடைசி வாக்கியம்: 'என்னோடு இருப்பவர்கள் என்னைக் கைவிட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.' அதற்கும் ஐந்து.

"பரவாயில்லையே, எங்களையெல்லாம் அம்புட்டு நம்புறியா?"

"பின்ன? பக்கத்துல நிக்கிறவ வந்து விழுவான்னு நம்பித்தான மாமா கால்ல பாயுறேன். தனியாப் பிடிச்சா இழுத்துக்கிட்டுப் போயிருவாளே."

ஏழு என்று மேலே எழுதி, மடித்து, நான்சியின் கையில் கொடுத்தாள்.

வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு மைக் செட் ஆர்டர் போய்விடும். அந்த மில்லின் சின்ன முதலாளி பெண்கள் கபடி அணி ஒன்று ஆரம்பிக்கப் போகிறார், எடுக்கிறவர்களுக்கு மில்லில் நிரந்தர வேலை, ஹாஸ்டல், பாதி நாள் வேலை பாதி நாள் பிராக்டிஸ் என்று செய்தி வந்தது. பிரிஸ்கில்லாவுக்கு இது வாழ்வா சாவா என்கிற மாதிரி. ஏனென்றால் என் மாமியார் கொடைரோட்டில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தது. பையன் நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் அம்மா வந்த அன்றைக்கே "கபடியெல்லாம் கல்யாணத்தோட மறந்துரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் காப்பியைத் தொட்டது. தவக்காலத்தில் கல்யாணம் வைக்க முடியாது. ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்துவிடுவது என்று பேச்சு. அதற்குள் நிரந்தர வேலை கிடைத்தால் மகள் இஷ்டத்துக்கு விடுகிறேன் என்று மாமியார் ஒத்துக்கொண்டது. கிடைக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான்.

செலக்ஷன் அன்றைக்கு நான்தான் என் குட்டியானை லோடு வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். மில்லுக்குள் புத்தம்புது மேட், நீலமும் மஞ்சளுமாக. கோச் ரஃபி மாஸ்டர், பேகம்பூர்க்காரர், எனக்குப் பழக்கம். அவர் பக்கத்து நாற்காலியில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, மடியில் லேப்டாப்போடு நான்சி.

"மாமா, நான்சிக்கா! சொல்லவே இல்ல பாருங்களேன்!" என்று பிரிஸ்கில்லாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கை ஆட்டினாள். நான்சியும் கையைத் தூக்கினாள், பாதி வரைக்கும். அந்தப் பாதிக் கையை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

அன்றைக்கு என் கொழுந்தியாள் ஆடின ஆட்டம் இருக்கிறதே! கையில் மைக் இல்லையே என்று துடித்துப்போனேன். யார் வந்தாலும் கால் அவள் கையில். ஒட்டன்சத்திரத்துப் பெண்ணும் வந்திருந்தாள், அவளையும் விழுத்தாட்டினாள். ரஃபி மாஸ்டர் எழுந்து நின்றே பார்த்தார். திரும்பும்போது வண்டியில், "எப்பிடி மாமா?" என்று கேட்டாள். "வேலைய எடுத்துக்கிட்டு வந்துட்டடி" என்றேன். "ஆண்டவர் சித்தம்" என்றாள். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால்.

அடுத்த வாரம் போனில் பட்டியல் வந்தது. முனீஸ்வரி இருந்தாள். ஒட்டன்சத்திரத்துப் பெண் இருந்தாள். எங்கள் ஏழாம் நம்பர் இல்லை. பிரிஸ்கில்லா மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அமலராணி போனைப் பிடுங்கி வைத்த பிறகும் அதே இடத்தில் நின்றாள். முனீஸ்வரி போன் செய்து, "அக்கா, ஏதோ தப்பு நடந்திருக்குக்கா" என்று அழுதாள்.

நான் நேராகப் பேகம்பூருக்குப் போனேன். டீக்கடை வாசலில் ரஃபி மாஸ்டரைப் பிடித்தேன். "என்ன பாய், கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று சத்தம் போட்டேன். பாவம் மனுஷன், கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சேவியரு, ஆட்டத்துல அதுதான் முதல். அல்லா மேல ஆணையா நான் எழுதிக் குடுத்தேன். ஆனா சின்ன முதலாளி மனசுக்கும் மார்க்கு வச்சிருக்காரு. அதுல ஒரு அளவு, அதுக்குக் கீழ இருந்தா எம்புட்டு நல்லா ஆடுனாலும் வேணாம்ன்றாரு. அந்த டாக்டரம்மா ஊர் ஊராப் போயி ஒவ்வொரு டீம்லயும் எழுதி வாங்குன பேப்பர் வச்சிருக்கு. ஏழாம் நம்பருக்கு நம்பிக்கையே இல்ல, எப்பவும் கெட்டதையே நெனக்குதாம்."

"அது ஆராய்ச்சிக்குன்னு எழுதி வாங்கினது பாய்! இந்த வேலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நானும் கேட்டேன். செலக்ஷன்ல வச்சு எழுதச் சொன்னா வேலைக்காகப் பொய் எழுதுவாங்க, யாருக்கும் தெரியாதுன்னு நம்பி எழுதுனதுதான் அசல் உண்மைன்னு சொல்லித்தான் அந்தப் பேப்பரையே குடுத்திருக்கு. முதலாளிக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. அதுக்கு வேலையும் போட்டுக் குடுத்துட்டாரு."

அப்புறம் அவர் இன்னொன்று சொன்னார். "உங்க தெருப் பொண்ணுதானே, ஆளு எப்படின்னு சொல்லுங்கன்னு கேட்டேன். 'அவ்வளவா பழக்கம் இல்ல சார்'னுருச்சு."

தூ! அந்த ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன். மற்றதைச் சொன்னேன். பிரிஸ்கில்லா நம்பவில்லை. "நான்சிக்கா அப்பிடிச் செய்யாது. வேற யாராவது எடுத்துக் குடுத்திருப்பாங்க. நான் கேக்குறேன்" என்றாள். ஊரில் எந்தக் காலையும் நம்பாதவள், இந்த ஒருத்தியை அப்படி நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நான்சி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். பிரிஸ்கில்லா போய் முன்னால் நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

"யாருக்கும் காட்டமாட்டேன்னியேக்கா."

நான்சி சுற்றிலும் பார்த்தாள். "நான் உன் பேரையா குடுத்தேன்? நம்பரைத்தான குடுத்தேன்."

"ஏம்மா, வாயில விரல வச்சாக் கடிக்கத் தெரியாத மாதிரிப் பேசுற? நம்பரக் குடுத்தா பேரக் குடுத்த மாதிரி இல்லையா?" என்று நான் பாய்ந்தேன்.

"அண்ணே, உங்களுக்கு இது புரியாது. இது சயின்ஸ்."

"என்ன பெரிய மண்ணாங்கட்டி சயின்ஸு!"

பிரிஸ்கில்லா கையை நீட்டி என்னை நிறுத்தினாள். அவள் குரல் உயரவே இல்லை. "நான் ஏன் அப்பிடி எழுதுனேன்னு உனக்குத் தெரியும்லக்கா. நீயும் அந்த வகுப்புல என் பக்கத்துலதான இருந்த. ஜெயிப்பேன்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா? சொல்லாம எத்தன பேரப் பிடிச்சிருக்கேன், உன்னையே எத்தன தடவ பிடிச்சிருக்கேன்?"

நான்சி ஸ்கூட்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியும்" என்றாள்.

"அத அங்க சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிச் சொல்ல? உன் மார்க்கு தப்புன்னு சொன்னா நான் அளந்த முறையே தப்புன்னு ஆயிரும்டி. ஒரு ஆளுக்குத் தப்புன்னா அம்புட்டுப் பேருக்கும் தப்புதான? அத வச்சுத்தான் எனக்கு வேலையே குடுத்திருக்காங்க. ஆட்டமும் போயி, படிச்சுப் படிச்சு வீட்டுல தண்டச்சோறு தின்னுக்கிட்டு எத்தன வருஷம் இருந்தேன், உனக்குத் தெரியாதா? எனக்கும் வேல வேணாமா?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "இரு, நான் ஏதாவது பண்றேன் பிரிசி. உன்னைய விட்டுருவனா?"

எனக்கு அந்தக் கண்ணீரைப் பார்த்ததும்தான் பொறுக்கவில்லை. "வா பிரிசி, போவோம். அவ்வளவா பழக்கம் இல்லேன்னு மில்லுல சொன்னவகிட்ட நமக்கு என்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்று இருந்தது, வாய் முந்திக்கொண்டது.

பிரிஸ்கில்லா நான்சியின் முகத்தைப் பார்த்தாள். நான்சி இல்லை என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் பிரிஸ்கில்லாவின் கண் கீழே இறங்கி, அந்த முழங்காலில் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து அமலராணி மடியில் விழுந்து அழுதாள். மாட்ச்சில் விலா எலும்பு விரிசல் விட்டபோதுகூட அழாதவள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் நெருங்குகையில் நான்சியிடமிருந்து போன். பழனியில் எடுத்த ஒரு பெண் வரவில்லையாம், ஒரு இடம் காலி. ரஃபி மாஸ்டர் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார், லெஃப்ட் கார்னர் இல்லாமல் அணி எதற்கு என்று. சின்ன முதலாளி இறங்கி வந்து, அந்தப் பெண்ணின் மனசு இப்போது தேறியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம், மறுபடி அளந்து பாருங்கள் என்றாராம். "எல்லாத்துக்கும் அஞ்சு போடு, கெட்டத நெனக்கிறேன்னு வர்றதுக்கு மட்டும் ஒண்ணு போடு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று நான்சி சொன்னது போனுக்கு வெளியே எனக்கே கேட்டது.

"போகாத" என்றேன் நான். "அவ முன்னாடி போயி நிக்கிறதுக்கு நீ கடையிலயே சேல விரிக்கலாம்."

"ஓலை வாசிச்சுட்டா நீங்களா மாமா வந்து நிறுத்துவீங்க?" என்று கேட்டாள். "எனக்கு ஆடணும் மாமா. வேற எதுவும் எனக்குத் தெரியாது" என்றாள். அமலராணி வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

மில் ஆபீஸில் ஏசி அறை. நான்சி அதே பேப்பரை எடுத்து நீட்டினாள், அதே வாக்கியங்கள், அதே கட்டங்கள். இந்தத் தடவை டீ இல்லை. பிரிஸ்கில்லா சிலுவை அடையாளம் போடவில்லை. 'அடுத்த போட்டியில் நான் நிச்சயம் வெற்றி பெறுவேன்.' முழுவதும் உண்மை. 'எந்த எதிராளியையும் என்னால் சமாளிக்க முடியும்.' முழுவதும் உண்மை. முனீஸ்வரி மாதிரி மளமளவென்று போனாள். ஒவ்வொரு டிக்குக்கும் அவள் தாடை இறுகுவதை நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதி முடித்து, மேலே ஏழு போட்டுத் தள்ளினாள்.

நான்சி விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசி வாக்கியத்தில் விரல் நின்றது. 'என்னோடு இருப்பவர்கள் என்னைக் கைவிட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.' அதற்கு எதிரே முதல் கட்டத்தில் டிக். சிறிதும் உண்மையில்லை.

"இது என்னடி?"

"உண்மைய எழுதச் சொன்னியேக்கா. அம்புட்டும் பொய்யா எழுதியாச்சு, ஒண்ணாவது உண்மையா இருக்கட்டும்."

நான்சி தலையைத் தூக்கவில்லை. ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன், மன்னிப்புக் கேட்பாள் என்றுகூட நினைத்தேன். வெளியே சின்ன முதலாளியின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான்சி பையைத் திறந்தாள், வொயிட்னரை எடுத்தாள். அந்த டிக்கின் மேல் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, ஐந்தாவது கட்டத்தில் தானே ஒரு டிக் அடித்தாள். "ஒரு மார்க்குன்னாலும் விடக் கூடாதுல்ல" என்று யாரிடமோ சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வேலை கிடைத்துவிட்டது. அங்கேயே, அப்போதே, சின்ன முதலாளி வந்து கைகுலுக்கினார். மனசு நல்லா மாறியிருக்கு, ரொம்ப சந்தோஷம் என்றார். ரஃபி மாஸ்டர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வண்டியில் ஏறின பிறகு மலைக்கோட்டை கண்ணில் படுகிற வரைக்கும் பிரிஸ்கில்லா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று நான் ரோட்டை விட்டுத் திரும்பிப் பார்த்தேன். அழவில்லை.

"கேட்டீங்களா மாமா," என்றாள், "நான் இன்னும் அம்புட்டுப் பேரையும் நம்புறேனாம்."